எது சாமி ஒரிஜினல் ஹிப் ஹாப்?

ராப் கேட்கிற ரெண்டு பேரை ஒரு ரூமில் விட்டுக் கதவைச் சாத்திப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் சுமுகமாத்தான் போகும். பதினொண்ணாவது நிமிஷம் ஒருத்தர் "அதெல்லாம் ஒரு ஹிப் ஹாப்பாய்யா?" என்பார். முடிஞ்சது கதை. நம்மூர்ல ராஜாவா ரஹ்மானான்னு ஆரம்பிச்சா டீ ஆறிப்போகுமே, அதே மாதிரி. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. ராஜா ரசிகர் ரஹ்மானைப் "பிடிக்கலை" என்பார். அதோட விட்டுடுவார். ஹிப் ஹாப்பில் அப்படி இல்லை. பிடிக்காதவனை மோசமான ராப்பர்னு சொல்றதில்லை, ராப்பரே இல்லைன்னு ஊரை விட்டே தள்ளி வெச்சுடுவாங்க.

இந்த ஊர்விலக்கம்தான் இன்னிக்கு நம்ம மேட்டர். யார் பெரிய ஆள்ங்கிற சண்டையும் இதுக்குள்ளதான் வரும். ஏன்னா எது ஒரிஜினல்னு முடிவு பண்ணாம எவன் பெரியவன்னு முடிவு பண்ண முடியாதுல்ல?

முதல்ல ஒரு விஷயம். "ஒரிஜினல்" என்கிற இந்த வேலி நடந்துக்கிட்டே இருக்கிற வேலி. யாருக்கு எப்ப பதினஞ்சு வயசு ஆச்சோ அந்த வருஷத்துல வந்ததுதான் அவருக்கு ஒரிஜினல். அதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் கலப்படம். 1990ல எம்.சி. ஹாமர் தொளதொளன்னு ஒரு பேன்ட்டைப் போட்டுக்கிட்டு ஆடினார், ஆல்பம் அமெரிக்காவில் ஒரு கோடியைத் தாண்டி வித்துச்சு, உடனே "இது ஹிப் ஹாப் இல்லை". 2006ல நாஸ் தன்னோட ஆல்பத்துக்கே ஹிப் ஹாப் செத்துப்போச்சுன்னு பேர் வெச்சார். 2008ல கான்யே வெஸ்ட் ஆட்டோட்யூன்ல முனகிக்கிட்டு ஒரு ஆல்பம் போட்டப்ப "இது பாட்டா, இருமலா"ன்னு கேட்டவங்க உண்டு. இன்னிக்கு அந்த '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்'தான் பின்னால வந்த ஒரு கூட்டத்துக்கே பாதை போட்டுக் கொடுத்துச்சுன்னு எழுதறாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1995 ஆகஸ்ட் 3. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்துல இருக்கிற பாரமவுண்ட் தியேட்டர்ல 'தி சோர்ஸ்' பத்திரிகை நடத்தின விருது விழா. சிறந்த புதுக் குழுன்னு அட்லாண்டாவில் இருந்து வந்த அவுட்காஸ்ட்டை அறிவிச்சாங்க. அரங்கமே ஊளை விட்டுச்சு. ஏன்? தெக்கத்திப் பசங்க. நியூயார்க்காரன் கணக்குல ஹிப் ஹாப்னா நியூயார்க், வேணும்னா போனாப் போகுதுன்னு லாஸ் ஏஞ்சலஸ். அட்லாண்டாவா, அது எங்க இருக்கு? இருபது வயசு ஆந்த்ரே மைக் முன்னாடி நின்னு, தெக்குப் பக்கமும் சொல்றதுக்கு ஒண்ணு வெச்சிருக்குன்னு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிட்டு இறங்கிப் போனார். அடுத்த இருபது வருஷம் அமெரிக்க ரேடியோவில் என்ன ஓடுச்சுன்னு பாருங்க. ஊளை விட்டவங்க பசங்களே தெக்கத்தி உச்சரிப்புல ராப் பண்ணிக்கிட்டு அலைஞ்சாங்க. (அதே ஆந்த்ரே 2023ல 87 நிமிஷத்துக்குப் புல்லாங்குழல் ஆல்பம் போட்டார், ஒரு வரி ராப் கிடையாது. அதை ஹிப் ஹாப்னு சொல்லச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க. ஆனா தூக்கம் நல்லா வருது :-))

ஆக வேலி நகருது, சரி. அதனால "ஒரிஜினல்"ங்கிறதே சும்மா ஜல்லின்னு முடிச்சுட்டு எழுந்து போயிடலாமா? நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. "எல்லாம் ரசனைங்க, அவரவர் காது அவரவருக்கு." எனக்கு அது ஒத்துக்கலை. இந்தப் பிடிவாதக்காரங்க கையில ஒரு உண்மை இருக்கு. அதைத் தப்பான இடத்துல வெச்சுத் தேடறாங்க, அவ்வளவுதான். எங்க தேடணும்னு பார்க்க ஆரம்பத்துக்குப் போகணும்.

1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்போட பொது அறை. சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, புதுத் துணி வாங்கக் காசு வேணும்னு ஒரு பார்ட்டி வைக்குது. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட அண்ணன் கிளைவ். பதினெட்டு வயசு, ஜமைக்காவுல கிங்ஸ்டன்ல பிறந்து பன்னிரண்டு வயசுல பிராங்க்ஸுக்கு வந்தவர். ஊர் அவரை கூல் ஹெர்க்னு கூப்பிடும். ஹெர்க் கவனிச்ச விஷயம் ரொம்பச் சின்னது. பாட்டுல பாடறவங்க வாயை மூடிட்டு டிரம்ஸ் மட்டும் தனியா அடிக்கிற சில விநாடி வரும் பாருங்க, அப்பத்தான் ஆடற கூட்டம் வெறி பிடிச்சு ஆடுது. ஆனா அது முடிஞ்சுடுது. முடியாம இருக்க என்ன வழி? ஒரே இசைத்தட்டுல ரெண்டு பிரதி. இதுல அந்தத் துண்டு முடியும்போது அதுல ஆரம்பி. இதைச் சுத்தி வை, அதை ஓட விடு. சில விநாடியை அஞ்சு நிமிஷமா இழுத்துட்டார் மனுஷன்.

ஹிப் ஹாப் பொறந்த இடம்னு எல்லாரும் ஒத்துக்கிற இந்த அறையில ராப்பர் எங்கே? கோக் லா ராக்னு ஹெர்க்கோட கூட்டாளி மைக்ல நண்பர்கள் பேரைச் சொல்லிக் கூவிக்கிட்டிருந்தார். வரிக்கு வரி எழுதி வெச்ச பாட்டு கிடையாது. ஹீரோ டி.ஜே.தான். மைக் பிடிக்கிறவன் நம்ம கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா அறிவிப்பாளர் மாதிரி. அப்படிப் பார்த்தா "லிரிக்ஸ் இல்லாட்டி ஹிப் ஹாப்பே இல்லை"ன்னு இன்னிக்குக் கத்தறவரை அந்த அறைக்குள்ள விட்டா, "இது ஒரிஜினல் இல்லை"ன்னு 25 சென்ட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

அப்ப அடுத்தவன் வரியை எடுக்கக்கூடாதுங்கிற சட்டம் எங்க இருந்து வந்துச்சு? இங்கதான் மேட்டர் சூடு பிடிக்குது.

1979. சில்வியா ராபின்சன்னு ஒரு பாடகி, நியூஜெர்சியில 'சுகர் ஹில்'னு கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க. பிராங்க்ஸ்ல நடக்கிற இந்தக் கூத்தைத் தட்டுல பதிச்சா விக்கும்னு அந்தம்மாவுக்கு ஒரு மூக்கு வேர்த்துடுச்சு. ஆனா பிராங்க்ஸ் பசங்க யாரும் மாட்டலை. இங்கிள்வுட்ல ஒரு பீட்சாக் கடை. அங்க வேலை பார்க்கிற ஹாங்க் ஏதோ டேப்பைப் போட்டுக் கூடவே பாடிக்கிட்டிருக்கார். கடைக்கு வெளியில காருக்குள்ள உக்கார வெச்சுப் பாடச் சொல்லிக் கேட்டாங்க, ஆள் செலக்ட். சிக்கல் என்னன்னா ஹாங்க் ராப்பர் இல்லை. அவர் பிராங்க்ஸ் குழு ஒண்ணுக்கு மேனேஜர் வேலை பார்த்தவர். அந்தக் குழுவுல இருந்த கிராண்ட்மாஸ்டர் காஸ்தான் எழுத்தாளி. ஹாங்க் நேரா காஸ்கிட்ட போய் "தட்டு போடறாங்களாம், உன் நோட்டைக் கொடு"ன்னார். காஸும் நண்பன்தானேன்னு நோட்டைத் தூக்கிக் கொடுத்து, எது வேணுமோ எடுத்துக்கன்னுட்டார்.

'ராப்பர்ஸ் டிலைட்' வந்துச்சு. பில்போர்ட் முதல் நாப்பதுக்குள்ள நுழைஞ்ச முதல் ராப் பாட்டு, 36வது இடம். உலகம் ராப்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டதே அதுலதான். அதுல ஹாங்க் பாடற பகுதி காஸோடது. எவ்வளவு அப்பட்டம்னா, காஸ் தன்னோட மேடைப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ற இடம் நோட்டுல இருந்துச்சு, ஹாங்க் அதைக்கூட மாத்தலை! அடுத்தவன் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லிட்டு அது நான்தான்னு உலகத்துக்கே பாடிட்டுப் போயிட்டார். காஸுக்குப் பேரும் வரலை, காசும் வரலை. (பேர் ராசி!)

இதுல இன்னொரு குத்து கேளுங்க. அந்தப் பாட்டோட இசை 'ஷீக்' குழுவோட 'குட் டைம்ஸ்' பாட்டுல இருந்து எடுத்தது. ஷீக் குழுவோட நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வக்கீல் நோட்டீஸ்னு கிளம்பினதும் அவங்க பேர் பாட்டாசிரியர் பட்டியல்ல ஏறிடுச்சு. அவங்களுக்குக் கம்பெனி இருந்துச்சு, வக்கீல் இருந்தார். காஸ்கிட்ட இருந்தது ஒரு நோட்டு. அதையும் கொடுத்தாச்சு.

இந்தக் காயத்துல இருந்துதான் சட்டம் பொறந்துச்சுங்கிறது என் கட்சி. அடுத்தவன் வரியை எடுத்தா அங்க அதுக்கு "கடிக்கிறது"ன்னு பேர். 1981ல ஹார்லம் வேர்ல்டுங்கிற கிளப்புல கூல் மோ டீ, பிஸி பீயை மேடையிலயே கிழிச்ச கதை பிரசித்தம். பிஸி பீ கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஆள், கைதட்டு வாங்கத் தெரிஞ்சவர். மோ டீ வந்து வரி வரியா அடுக்கினார். அதுல ஒரு அடி என்ன தெரியுமா? ஸ்டார்ஸ்கின்னு நீ போட்டுக்கிற பேரே லவ்பக் ஸ்டார்ஸ்கிகிட்ட கடிச்சதுதானேங்கிறது. எழுத்துதான் முக்கியம், அதுவும் உன் சொந்த எழுத்துதான் முக்கியம்ங்கிற நியாயம் அந்த ராத்திரிக்கு அப்புறம் கெட்டிப்பட்டுச்சு. ஆறு வருஷம் கழிச்சு ரக்கிம் வந்து ஒரு வரிக்குள்ளயே மூணு நாலு எதுகையைச் செருகிக் காட்டினப்ப, இனிமே கைதட்டு வாங்கறவன் எல்லாம் ரெண்டாம் வரிசைன்னு ஆயிடுச்சு.

சரி, சட்டம் வந்தாச்சு. கடைப்பிடிச்சாங்களா?

பிஸ் மார்க்கிக்கு பிக் டேடி கேன் எழுதிக் கொடுத்தார். ஈஸி-ஈயோட முதல் பாட்டு 'பாய்ஸ் இன் த ஹூட்' (1987) ஐஸ் க்யூப் எழுதினது. டாக்டர் டிரேயோட 'ஸ்டில் டி.ஆர்.ஈ.' இருக்கே, 2022 சூப்பர் பௌல்ல அதைப் போட்டு முடிச்சப்ப ஊரே எழுந்து நின்னுச்சே, "நான் இன்னும் அதே ஆள்தான்"னு மார் தட்டற அந்தப் பாட்டு... எழுதினது ஜே-ஸீ! கலிஃபோர்னியாக்காரர் "நான் மாறவே இல்லை"ன்னு சொல்றதை எழுதிக் கொடுத்தது புரூக்ளின்காரர். இவங்க எல்லாரையும் எல்லா ஒரிஜினல்காரங்களும் தலையில தூக்கி வெச்சிருக்காங்க. யாரும் ஊர்விலக்கம் பண்ணலை.

ஆனா 2015ல ட்ரேக் மாட்டிக்கிட்டார். மீக் மில்னு பிலடெல்பியா ராப்பர், "இவர் சொந்தமா எழுதறதில்லை, க்வென்டின் மில்லர்ங்கிறவர் எழுதறார்"னு போட்டு உடைச்சார். மில்லர் பாடின மாதிரி ஒலிப்பதிவுகள் ரேடியோவில் வந்துச்சு. உலகமே ரெண்டாச்சு. ட்ரேக் திருப்பி ரெண்டு பாட்டுப் போட்டார், ரெண்டாவது பாட்டு 'பேக் டு பேக்' கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு, சண்டையில ஜெயிச்சது அவர்தான்னு ஊரும் சொல்லிடுச்சு. ஆனா கறை போகலை. இன்னி வரைக்கும் ட்ரேக் பேரை எடுத்தா, "எழுதிக் கொடுத்ததைப் பாடறவர்தானே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார்.

என் அபிப்ராயம் இதுதான். க்வென்டின் மில்லர் பேர் அந்த ஆல்பத்தோட பாட்டாசிரியர் பட்டியல்லயே இருந்துச்சு. ஜே-ஸீ பேரும் டிரே பாட்டுல இருக்கு. காஸ் பேர் மட்டும்தான் இல்லை. அப்ப கேள்வியை மாத்திக் கேக்கணும். "நீயே எழுதினியா?"ன்னு கேக்காதீங்க. "எழுதினவன் பேரைப் போட்டியா? பங்கைக் கொடுத்தியா?"ன்னு கேளுங்க. கைதேர்ந்த கூட்டுக் கலை இது. டி.ஜே., பீட் பண்றவர், எழுதறவர், பாடறவர்னு நாலு கை சேர்ந்தாத்தான் பாட்டு. நாலு பேருக்கும் பேர் இருந்தா அது ஹிப் ஹாப். ஒருத்தன் பேர் அழிஞ்சா அங்கதான் நாறுது. (அதுக்காக ட்ரேக்கை உலகத்தின் மாபெரும் கவிஞர்னு சொல்ல வரலை. அவர் எழுதினதா சொல்ற வரிகளே பல நேரம் வாழ்த்து அட்டை மாதிரிதான் இருக்கு.)

இந்த அளவுகோலைக் கையில எடுத்தீங்கன்னா ஒரிஜினல்காரங்களுக்கே கொஞ்சம் நெளியும். ஏன்னா அவங்க கொண்டாடற பொற்காலத்து மேலயும் இது பாயும்.

க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பேர் தெரியுமா? உங்களுக்குத் தெரியாட்டியும் உங்க காதுக்குத் தெரியும். ஜேம்ஸ் பிரவுன் குழுவோட டிரம்மர். 1969ல சின்சினாட்டியில பதிச்சு 1970ல வந்த 'ஃபங்கி டிரம்மர்'ங்கிற பாட்டுல அவர் சில விநாடி தனியா வாசிச்ச துண்டு ஆயிரத்துக்கும் மேல பாட்டுல வெட்டி ஒட்டப்பட்டிருக்கு. பப்ளிக் எனிமியோட 'ஃபைட் த பவர்'ல அது இருக்கு. எல்.எல். கூல் ஜேயோட 'மாமா செட் நாக் யூ அவுட்'ல இருக்கு. ஒரிஜினல் ஹிப் ஹாப்னு எதைச் சொன்னாலும் அதுக்கு அடியில இந்த மனுஷன் கை ஓடிக்கிட்டிருக்கும்.

அவருக்கு என்ன கிடைச்சுச்சு? அந்த வெட்டு ஒட்டுல இருந்து அனேகமா ஒண்ணும் இல்லை. காரணம் சட்டத்துல இருக்கு. ஒரு பாட்டுக்கு ரெண்டு உரிமை. பாட்டை எழுதினவருக்கு ஒண்ணு, ஒலிப்பதிவு யாரோடதோ அவங்களுக்கு ஒண்ணு. எழுதினவர்னு போட்டிருக்கிறது ஜேம்ஸ் பிரவுன். ஒலிப்பதிவு கம்பெனியோடது. சம்பளத்துக்கு வாசிச்ச டிரம்மருக்கு ரெண்டுலயும் இடம் இல்லை. அந்தத் தாளத்தை யாரும் எழுதிக் கொடுத்து அவர் வாசிக்கலை, அவர் கையில வந்தது. ஆனா காகிதத்துல அவர் இல்லை. விஸ்கான்சின்ல மேடிசன்ங்கிற ஊர்ல வாரா வாரம் உள்ளூர் மேடைகள்ல வாசிச்சுக்கிட்டு இருந்தார். புத்துநோய் வந்தப்ப மருத்துவச் செலவுல பெரும்பகுதியைப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாம கட்டினார்ங்கிறது 2016ல பிரின்ஸ் மறைவுக்கு அப்புறம்தான் வெளியில வந்துச்சு. 2017 பிப்ரவரியில ஸ்டபிள்ஃபீல்டும் போயிட்டார்.

"ட்ரேக்குக்கு எவனோ எழுதறான்"னு குதிக்கிறவங்க இந்த டிரம்மருக்காகக் குதிச்சிருந்தா நான் அவங்க கூட நின்னு குதிச்சிருப்பேன்.

சட்டம் தலையிட்டப்பவும் இவங்களுக்காகத் தலையிடலை. 1991ல பிஸ் மார்க்கி, கில்பர்ட் ஓ'சல்லிவனோட பாட்டுத் துண்டை அனுமதி இல்லாம சேர்த்துட்டார்னு வழக்கு. நியூயார்க் நீதிபதி, திருடாதிருப்பாயாகங்கிற பைபிள் கட்டளையோட தீர்ப்பை ஆரம்பிச்சார். அதுக்கு அப்புறம் ஒரு பாட்டுக்குப் பத்து இருபது துண்டு ஒட்டறது பணக்காரன் விளையாட்டு ஆயிடுச்சு. பப்ளிக் எனிமியோட அந்த இரைச்சல் கோபுரம், பீஸ்டி பாய்ஸோட 'பால்ஸ் புட்டீக்', அதெல்லாம் அப்புறம் அந்த விலைக்குச் செய்யவே முடியாது. பீட் மெலிஞ்சது, கீபோர்டு பெருத்தது. "தொண்ணூறுகளுக்கு அப்புறம் ஹிப் ஹாப் சத்தம் மாறிடுச்சு, ரசனை கெட்டுப்போச்சு"ன்னு புலம்பறவங்க கவனிக்க: ரசனை மட்டும் மாறலை சார், வக்கீல் பீஸும் சேர்ந்துதான் மாத்துச்சு. (பிஸ் மார்க்கி அடுத்த ஆல்பத்துக்கு, எல்லாத்துக்கும் அனுமதி வாங்கியாச்சுங்கிற அர்த்தத்துல பேர் வெச்சார். தோத்தாலும் நக்கல் போகலை பாருங்க!)

எனக்குப் பிடிச்சவங்களை மட்டும் விட்டுட்டு எழுதறேன்னு நினைச்சுடாதீங்க. லாரின் ஹில்லோட 'மிஸ்எஜுகேஷன்' (1998), நான் கேட்டதுலயே தலையாயது. ஹிப் ஹாப் கலைஞர் ஒருத்தருக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம்னு கிராமி முதல்ல கிடைச்சது அதுக்குத்தான், 1999ல. உறையில எழுதி, இசையமைச்சு, தயாரிச்சதுன்னு பெருசா அவர் பேர். கூட வேலை பார்த்த நாலு இசைக்காரங்க, எங்க பங்குக்கு உரிய பேர் இல்லைன்னு வழக்குப் போட்டாங்க. 2001ல பேசி முடிச்சாங்க. ஆல்பம் கேக்கும்போது இப்பவும் எனக்குப் புல்லரிக்கத்தான் செய்யுது, ஆனா அந்த நாலு பேர் ஞாபகமும் கூடவே வருது. ரெண்டும் சேர்ந்துதான் அந்த ஆல்பம்.

இப்ப 2024க்கு வருவோம். கெண்ட்ரிக் - ட்ரேக் சண்டை. முழுக்கதையும் எழுதினா பதிவு ராமாயணம் ஆயிடும், தவிர உங்களுக்கே தெரியும். 2023 அக்டோபர்ல ஜே. கோல், ட்ரேக் பாட்டுல வந்து நாங்க மூணு பேர்தான் பெரிய தலைன்னு சொல்லப்போக, மார்ச்ல கெண்ட்ரிக் மூணாவது ரெண்டாவது எல்லாம் கிடையாது, நான் ஒருத்தன்தான்னு தீ வெச்சார். மே மாசம் 'நாட் லைக் அஸ்'. 2025 பிப்ரவரியில அந்தப் பாட்டுக்கு அஞ்சு கிராமி, அதே மாசம் சூப்பர் பௌல் மேடை.

இதுல எல்லாரும் பேசறது யார் யாரை அடிச்சாங்கன்னுதான். எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. ஏப்ரல்ல ட்ரேக் ஒரு பாட்டு விட்டார், அதுல 1996ல செத்துப்போன டூபாக் குரல். கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல். கூட ஸ்னூப் டாக் குரலும் அதே மாதிரி. டூபாக்கோட சொத்தைப் பார்த்துக்கிறவங்க நோட்டீஸ் விட்டதும் ட்ரேக் பாட்டை எடுத்துட்டார். யோசிச்சுப் பாருங்க. காஸ் கதையில நோட்டுதான் போச்சு. இங்க தொண்டையே போகுது. அதுவும் "வேண்டாம்"னு சொல்ல உயிரோட இல்லாத ஒருத்தர் தொண்டை. ட்ரேக்கை ஒரிஜினல் இல்லைன்னு சொல்றவங்க க்வென்டின் மில்லரை விட்டுட்டு இதைப் பிடிச்சிருக்கணும். 'நாட் லைக் அஸ்' பாட்டுல கெண்ட்ரிக் வைக்கிற குற்றச்சாட்டுகள்ல எனக்கு எடுபட்டதும் இந்த வகையறாதான்: அட்லாண்டாவுக்குப் போய், அங்க இருக்கிற பசங்க சத்தத்தை வாங்கித் தனக்குக் காசாக்கிக்கிறார்ங்கிறது. மத்ததெல்லாம் சண்டைச் சூட்டுல ரெண்டு பேரும் வாரி இறைச்சது, அதுக்குள்ள நான் போகலை.

அதே சண்டையில ஜே. கோல் பண்ணதைப் பத்தி ஒரு வார்த்தை. கெண்ட்ரிக்குக்குப் பதிலா ஒரு பாட்டு விட்டார், ரெண்டு நாள் கழிச்சு தன்னோட விழா மேடையிலயே மன்னிப்புக் கேட்டுட்டு பாட்டையும் வாபஸ் வாங்கினார். கோழைன்னாங்க. ஒரிஜினல் ராப்பர் பின்வாங்க மாட்டான்னாங்க. எனக்கென்னவோ அந்த வருஷத்துலயே துணிச்சலான காரியம் அதுதான்னு தோணுச்சு. அத்தனை ஆயிரம் பேர் முன்னாடி "மனசு ஒப்பலை"ன்னு சொல்றதுக்கு வேற மாதிரி நெஞ்சு வேணும்.

பட்டியல் மேட்டருக்கு வரேன். 2023 பிப்ரவரியில பில்போர்டும் வைப் பத்திரிகையும் சேர்ந்து சிறந்த ராப்பர் அம்பது பேர்னு போட்டாங்க. ஜே-ஸீ, கெண்ட்ரிக், நாஸ், டூபாக், எமினெம், பிக்கி, லில் வெய்ன், ட்ரேக், ஸ்னூப், நிக்கி மினாஜ். முதல் பத்துல ஒரே ஒரு பொண்ணு, அதுவும் பத்தாவது. ராக்ஸான் ஷான்டே பதினாலு வயசுல, 1984ல, பதில் பாட்டுங்கிற விஷயத்தையே கடைத்தெருவுக்குக் கொண்டு வந்தவர். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள ஒரு ராப் பெண்மணி (மிஸ்ஸி எலியட்) நுழைய 2023 ஆச்சு. பார்ட்டி வெச்சது சிண்டிங்கிறதை மறந்துட்டாங்க போல.

இன்னொண்ணும் கவனிங்க. தட்டு போட்டவங்களை மட்டும்தான் பட்டியலுக்குத் தெரியும். ஹெர்க் பெருசா எந்தத் தட்டும் போடலை. எல்லாரும் ஏறி நிக்கிற திண்ணையைக் கட்டினவர், 2011ல சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு இல்லாம, ரசிகர்கள்கிட்ட உதவி கேட்க வேண்டிய நிலைமையில இருந்தார். அதே ஹெர்க்குக்கு 2023ல அதே ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை பண்ணுச்சு. அம்பது வருஷம்!

நம்மாளு ஒருத்தர் கதையையும் சொல்லிடறேன், சம்பந்தம் இருக்கிறதாலதான். யாழ்ப்பாணத்துல வளர்ந்து லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாங்க எம்.ஐ.ஏ. 2007ல 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டு. அந்த இசை 'தி க்ளாஷ்' குழுவோட பழைய பாட்டுல இருந்து எடுத்தது, அவங்க பேர் ஒழுங்கா இருக்கு. அடுத்த வருஷம் கான்யே அந்தப் பாட்டுல இருந்து இவங்க குரலை வெட்டி எடுத்து 'ஸ்வாகா லைக் அஸ்' பண்ணார். டி.ஐ., ஜே-ஸீ, கான்யே, லில் வெய்ன் நாலு பேரும் அதுமேல ஏறி நான்தான் ராஜா நான்தான் ராஜான்னு பாடறாங்க. பாட்டாசிரியர் பட்டியல்ல அருள்பிரகாசமும் இருக்கு. 2009 பிப்ரவரி கிராமி மேடையில அந்த நாலு பேர் கோட்டு சூட்டுல நிக்க, நிறைமாச வயித்தோட நடுவுல வந்து இவங்க பாடினாங்க பாருங்க... எம்.ஐ.ஏ. ஒரிஜினல் ஹிப் ஹாப்பா இல்லையான்னு அன்னிக்கு யாரும் கேட்டதா ஞாபகம் இல்லை.

சரி, இவ்ளோ பேசிட்டு சொந்த லிஸ்ட் போடாம போனா விட மாட்டீங்க. வரிசை கிடையாது, அஞ்சு பேர்: ரக்கிம், லாரின் ஹில், ஆந்த்ரே (புல்லாங்குழலுக்கு முன்னாடி), கெண்ட்ரிக், அப்புறம் கிராண்ட்மாஸ்டர் காஸ். காஸை எந்த ஆல்பத்தை வெச்சுச் சேர்த்தேன்னு கேப்பீங்க. ஆல்பம் வேணாம், ராப்பர்ஸ் டிலைட்டைப் போட்டு ஹாங்க் பாடற இடத்தைக் கேளுங்க. டூபாக்கை விட்டது தெரிஞ்சேதான். பிக்கியை விட்டதும்தான். ஸ்கார்ஃபேஸை விட்டதுக்கு ஹூஸ்டன்ல இருக்கிற நம்ம நண்பர் ஒருத்தர் ராத்திரியே போன் போடுவார், போனை அணைச்சு வெச்சுட்டேன்.